36 மாதங்களும் ஒரு வீட்டுப் பத்திரமும்

உறவினர் ஒருவருக்குத் துணையாக வங்கிக்குப் போயிருந்தேன். அவருடைய மகனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் என்ஜினியரிங் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. இரண்டாண்டுப் படிப்பு, கேட்ட கடன் 50 லட்சம், ஈடு அவர்கள் குடியிருக்கும் வீடு. வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, தாத்தா காலமான பிறகு சொத்து கைமாறியதில் ஒரு குறை இருக்கிறது, அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் சட்டக் கருத்துரை தர முடியும் என்றார். இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை. பழத்தட்டோடு போய், பழைய வருத்தங்களையெல்லாம் பேசித் தீர்த்து, கையெழுத்து வாங்கி வந்தார்கள். அதற்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து எழும்போது உறவினர் மேலாளரிடம் ஒன்றுதான் கேட்டார்: "சார், பத்திரம் எப்போது திரும்பக் கிடைக்கும்?"

"பையன் அங்கே சம்பாதிக்க ஆரம்பித்தால் நாலைந்து வருஷத்தில் கட்டிவிடுவான் சார். எல்லோரும் அப்படித்தான்."

மேலாளர் நல்லெண்ணத்தோடு சொன்னார். ஆனால் அந்த "ஆரம்பித்தால்" என்ற சொல்லுக்குள் எத்தனை விஷயம் அடைபட்டிருக்கிறது என்று அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கடன், சம்பளம் என்று இரண்டு எண்களை எதிரெதிரே எழுதி, எது பெரியது என்று பார்ப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற கணக்கு. அந்தக் கணக்கு தவறான இடத்தில் தொடங்குகிறது.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதத்துக்குச் சொல்லும் இடைநிலைச் சம்பளம், கணினி வன்பொருள் பொறியாளர்களுக்கு ஆண்டுக்கு 1,55,020 டாலர். மென்பொருள் உருவாக்குநர்களுக்கு 1,33,080. இடைநிலை என்றால், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அந்த வரிசையில் இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தோடு சிப் வடிவமைக்கிறவரும் நிற்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆலோசனை நிறுவனங்களின் வண்ணத் தாள்களில் வருவது பெரும்பாலும் இந்த வகை எண்கள்தான்.

புதிதாகப் படித்து வருகிறவரின் நிலை வேறு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, அண்மையில் பட்டம் பெற்றவர்களைப் பாடவாரியாகப் பிரித்து ஒரு பட்டியலை வெளியிடுகிறது. 2025-இல் வந்த, 2023-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட பட்டியலில், கம்ப்யூட்டர் என்ஜினியரிங் இளம் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 80,000 டாலர். அதே பட்டியலில் அவர்களிடையே வேலையின்மை 7.5 சதவீதம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு 6.1. எதைப் படித்தாலும் வேலை கிடைக்காது, கம்ப்யூட்டர் படித்தால் கிடைக்கும் என்று முப்பது ஆண்டுகளாக நம்பி வந்த நமக்கு, அந்தப் படிப்பே வேலையின்மைப் பட்டியலின் மேல்வரிசையில் நிற்பது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். இவை இளங்கலைப் பட்டத்தை வைத்துச் சொல்லப்படும் சம்பளங்கள், எம்.எஸ். முடித்தவருக்குக் கூடுதலாகக் கிடைக்கலாம். வீட்டை ஈடு வைத்துப் போடும் கணக்கில் குறைந்த எண்ணை வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொரு புள்ளிவிவரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு கடன் பட்டார், பிறகு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதையெல்லாம் அமெரிக்கக் கல்வித் துறை 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, இங்கேயும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவோ கல்லூரிகளின் சாயம் வெளுக்கும். ஆனால் அதில் கணக்கெடுக்கப்படுவது அமெரிக்க அரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்களை மட்டும். இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்த உதவி கிடையாது. ஆகவே அந்தக் கணக்கில் அவர் இல்லை. அங்கே காட்டப்படும் சம்பளத்தை வாங்கியவர்களுக்கு விசா முடியும் தேதி என்று ஒன்று கிடையாது. பாதுகாப்புத் துறைக்கு எம்பெடட் கருவிகள் (உள்ளே சிறு கணினி பொதிந்த கருவிகள்) செய்யும் நிறுவனங்களில், குடியுரிமை கேட்கும் வேலைகளுக்கும் அவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பிக்கலாம். நம் பையனுக்கு அந்தக் கதவு பூட்டியே இருக்கும். கம்ப்யூட்டர் என்ஜினியரிங்கில் அப்படிப் பூட்டிய கதவுகள் கம்ப்யூட்டர் சயன்ஸைவிடச் சற்று அதிகம் என்பதை ஆலோசகர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி கடன். 50 லட்சம் மொத்தமாகக் கைக்கு வராது, செமஸ்டருக்கு 12.5 லட்சமாக நான்கு முறை பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம் என்று கொள்கிறேன். வீட்டை ஈடாக வைத்துப் பொதுத்துறை வங்கியில் வாங்கினால் இதைவிடக் குறையலாம். ஈடில்லாமல் நிதி நிறுவனத்தில் வாங்கினால் கூடும். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஆறு மாதம் வரையிலும் தவணை கட்டத் தேவையில்லை. சில வங்கிகளில் இது ஓராண்டு. "மாரட்டோரியம் சார்" என்று வங்கியில் இதை ஒரு சலுகைபோலச் சொல்வார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. முதல் செமஸ்டருக்குப் போன 12.5 லட்சத்துக்கு 30 மாத வட்டி, அடுத்ததற்கு 24, அதற்கடுத்து 18, கடைசிக்கு 12. தனிவட்டியாகவே கூட்டினாலும் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 60 லட்சம். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 82,700 ரூபாய்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்தப் பத்து லட்சம் சேராது. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் சலுகையும் சில வங்கிகளில் உண்டு. ஆனால் நான்காவது செமஸ்டரில் மாத வட்டி மட்டுமே 45,000 ரூபாயைத் தாண்டும். அதைக் கட்டக்கூடிய வீட்டுக்குக் கடனே பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது.

இப்போது இரண்டையும் சேர்த்து வைக்கலாம். ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளம். வேலை டெக்சாஸ் போல மாநில வருமான வரி இல்லாத ஊரில். எஃப்-1 மாணவர்கள் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரியும் கட்ட வேண்டியதில்லை, அந்த 7.65 சதவீதம் மிச்சம். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவின்படி நிலையான கழிவும், அதாவது வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி விலக்கும், கிடைக்கிறது. பிற நாட்டு மாணவர்களில் பலருக்கு அது கிடையாது. இதையெல்லாம் கழித்தால் கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 5,900 டாலர். இரண்டு மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, பழைய கார் ஒன்றை ஓட்டி, பெரும்பாலும் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு 2,900-த்துக்குள் குடித்தனம் நடத்தினால் 3,000 டாலர் ஊருக்கு அனுப்பலாம். டாலர் 90 ரூபாய் என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம். இந்த வேகத்தில் 60 லட்சம் தீர 25 மாதம் ஆகும்.

25 மாதம். மேலாளர் சொன்ன நாலைந்து ஆண்டைவிட நல்ல செய்திபோலத் தெரிகிறது. ஆனால் அந்த 25-ஐ எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதிக்கு ஓ.பி.டி. என்று பெயர். எல்லாப் பாடத்துக்கும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற மாணவர் சான்றுத் தாளில் பாடத்தின் குறியீட்டு எண் 14.0901 என்று இருந்தால் அது கம்ப்யூட்டர் என்ஜினியரிங். நீட்டிப்புக்குத் தகுதி உண்டு. ஆக மொத்தம் 36 மாதம். இது அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அல்ல, நிர்வாகம் வகுத்த விதி. 2008-இல் நீட்டிப்பு 17 மாதமாக இருந்தது, 2016-இல் 24 ஆயிற்று. கூட்டிய கை குறைக்கவும் செய்யலாம்.

அந்த 36 மாதத்துக்குள்ளும் சில பொறிகள் உண்டு. முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருந்த நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150. நீட்டிப்பு வேண்டுமானால் வேலை தரும் நிறுவனம் ஊழியரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான்கு பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு இந்த இடத்தில்தான் கால் இடறும். நீட்டிப்பு கிடைக்காமல் 12 மாதம் மட்டும் டாலர் சம்பளம் என்றால், மேலே சொன்ன வேகத்தில் அடைபடக்கூடிய கடன் 30 லட்சம்தான். மீதி 30 லட்சம், அந்த ஓராண்டு வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 33 லட்சமாக நிற்கும்.

அப்புறம் எச்-1பி, அதாவது அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டவருக்காக மனுப் போட்டு வாங்கித் தரும் வேலை விசா. ஆண்டுக்கு 65,000 விசாக்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. கேட்பவர்கள் அதிகம் என்பதால் மார்ச் மாதத்தில் குலுக்கல். 2024 நிதியாண்டுக்குத் தகுதியான பதிவுகள் 7,58,994. ஒரே ஆளுக்குப் பல நிறுவனங்கள் பதிவு செய்த தில்லுமுல்லு வெளிப்பட்டு, ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று முறையை மாற்றினார்கள். 2026 நிதியாண்டுக்கு 3,43,981 பதிவுகளில் 1,20,141 தேர்வாயின. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மே மாதத்தில் படிப்பை முடிக்கிறவருக்கு, நிறுவனம் ஆண்டுதோறும் பதிவு செய்தால், ஓ.பி.டி. காலத்துக்குள் மூன்று குலுக்கல்கள் கிடைக்கும். மூன்றிலும் இதே விகிதம் என்றால் நூறு பேரில் 72 பேருக்கு எப்போதாவது ஒருமுறை பெயர் வரும். 28 பேருக்கு வராது. இதுவும் பழைய கணக்கு ஆகிவிட்டது. அதிகச் சம்பளப் படிநிலையில் இருப்பவருக்குக் குலுக்கலில் அதிகச் சீட்டு என்ற புது முறை 2027 நிதியாண்டுக்கான பதிவிலிருந்து வந்திருக்கிறது. படித்து முடித்த கையோடு சேர்கிறவர் பெரும்பாலும் கீழ்ப்படியில்தான் நிற்பார்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தபோது நம் ஊர்க் குழுக்களில் பெரிய கலவரம். ஓராண்டுக்கு எனப் பிறப்பிக்கப்பட்ட ஆணை அது. மாணவர் விசாவிலிருந்து அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாறுகிறவர்களுக்கு அது இல்லை என்று அக்டோபரில் விளக்கம் வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த விளக்கத்தின் மறுபக்கத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்துவிட்டு, பிறகு இங்கிருந்து வாய்ப்புத் தேடுகிறவருக்கு, ஆணை நடப்பில் உள்ளவரை அந்தக் கட்டணம் உண்டு. புதிதாக வேலைக்கு எடுக்கும் ஓர் இளம் பொறியாளருக்காக எந்த நிறுவனம் அதைக் கட்டும்?

அதனால்தான் சம்பளத்தையும் கடனையும் எதிரெதிரே வைக்கும் கணக்கு தவறான இடத்தில் தொடங்குகிறது என்றேன். ஒப்பிட வேண்டியவை இரண்டு காலங்கள்: கடன் தீரத் தேவையான டாலர் மாதங்கள் எத்தனை, குலுக்கலை நம்பாமல் கையில் உள்ள டாலர் மாதங்கள் எத்தனை. 25, 36. வேலை தேடும் மூன்று மாதத்தைக் கழித்தால் 25, 33. எட்டு மாதம் இடைவெளி. ஒரு ஆட்குறைப்பு, ஒரு அறுவைச் சிகிச்சை, ஒரு விபத்து அதைத் தின்றுவிடும். ஆனாலும் கணக்கு நிற்கிறது. 50-க்குப் பதில் 75 லட்சம் கடன் வாங்கியிருந்தால் நிற்காது.

கணக்கு நிற்கும் என்பதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த 3,000 டாலரை மாதாமாதம் அனுப்ப வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை. 82,700 ரூபாய்த் தவணை என்றால் அங்கே 920 டாலர்தானே, கட்டிக்கொண்டே போகலாம் என்று புதுக் கார் வாங்குவார்கள், தனி அடுக்கு வீட்டுக்கு மாறுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, இருபத்தைந்து வயது. ஆனால் வெறும் தவணையை மட்டும் 36 மாதம் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டியது ஏறத்தாழ 29 லட்சத்து 77 ஆயிரம். மீதிக் கடன் 48 லட்சத்துக்கு மேல். மூன்று ஆண்டு டாலரில் சம்பாதித்தும் கடனில் குறைந்த தொகை 12 லட்சம் கூட இல்லை. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைக்கத் தண்டக் கட்டணம் கிடையாது. அந்த வழி திறந்தே இருக்கிறது.

அந்த 48 லட்சத்தோடு ஊர் திரும்பினால்? சம்பாத்தியத்தோடு கடனை ஒப்பிட அமெரிக்க அரசே 2023-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. முக்கியமாக லாப நோக்கில் நடக்கும் தொழிற்கல்லூரிகளைக் கண்காணிக்க. மாணவரின் ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது, வறுமைக்கோட்டு வருமானத்தின் ஒன்றரை மடங்கைக் கழித்து மிஞ்சுவதில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதில் முதுகலைக் கடனை 15 ஆண்டுக்குப் பரப்பிப் பார்த்தார்கள். நான் நம் பத்தாண்டுத் தவணையையே வைத்துப் பார்த்தேன். 80,000 டாலர் சம்பளத்தில் தவணை 13.8 சதவீதம், முதல் தேர்வில் தோல்வி, இரண்டாவதில் நூலிழையில் வெற்றி. சென்னையில் ஆண்டுக்கு 10 லட்சம் சம்பளம் என்று வைத்தால், தவணை மட்டும் 9 லட்சத்து 92 ஆயிரம். 99 சதவீதம்.

ரூபாயின் வீழ்ச்சி பற்றி ஒரு வார்த்தை. டாலரில் சம்பாதித்து ரூபாயில் கடன் கட்டுகிறவருக்கு அது லாபம் என்பார்கள். சரிதான், சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு. அதுவரை நட்டம். டாலர் 83 ரூபாயாக இருந்தபோது அனுமதித்த 50 லட்சம் 60,240 டாலருக்குச் சமம். 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தொட்டபோது அதே 50 லட்சம் 55,555 டாலர் ஆகிவிட்டது. முழுத் தொகையும் 90-இல் போனால் பள்ளம் 4,700 டாலர். அந்தப் பள்ளம் தெரிய வருவது பெரும்பாலும் கடைசி செமஸ்டரில்தான், ஏனென்றால் முந்தைய கட்டணங்கள் போய்விட்டிருக்கும். அந்த நேரத்தில் அப்பாவுக்கு வரும் தொலைபேசி அழைப்பும், அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போவதும் எந்த வங்கிக் கணக்கிலும் ஏறாது. நகைக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. கல்விக் கடன் வட்டிக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு, எட்டு ஆண்டு வரை உண்டு.

இதே இரண்டாண்டுப் படிப்பை கேட் தேர்வு எழுதி இங்கே எம்.டெக். ஆகப் படித்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். கடன் இல்லை. டாலரும் இல்லை. போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போவதற்கான விலையை இதோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதற்காகச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ இடம் கிடைத்துக் கல்விக் கட்டணம் தள்ளுபடியானால் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். எம்.எஸ். மாணவர்களில் அது சிலருக்கே வாய்க்கிறது, பெரும்பாலும் ஒரு செமஸ்டர் ஆன பிறகே.

பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து 36 கட்டங்கள் வரைந்தான். தரவரிசையில் மேலே இருந்த தனியார் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். 50 லட்சம் 38 ஆயிற்று. பதினெட்டு கட்டங்களுக்குப் பென்சிலால் நிழல் கொடுத்தான். அவனுடைய அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் மூன்று கட்டங்களைத் தொட்டுக் காட்டினார்.

"இவை ஏன் வெள்ளையாக இருக்கின்றன?"

"வேலை தேடும் மாதங்கள் அப்பா."

"அப்போதும் வட்டி ஓடும் அல்லவா?"

"ஓடும்."

அவர் பென்சிலை வாங்கி அந்த மூன்று கட்டங்களுக்குள்ளும் தம் ஓய்வூதியத் தொகையை எழுதினார்.